ஸ்டாக் நம்பர் 417

18 அக்டோபர் 2010, திங்கள்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த முதல் நாளே பார்சல் வந்துவிட்டது. உள்ளே ஒரு நெட்வொர்க் கார்டு. "கோ. மங்கையர்க்கரசி, பண்டகக் காப்பாளர், அரசு விதைப் பரிசோதனை நிலையம்" என்று முழுசாகக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கூரியர்காரர் சுருக்கமாகப் போட்டால் போதும் என்றார். இருபத்துமூன்று வருஷமாக நான் எதையும் சுருக்கமாகப் போட்டதில்லை.

போன வாரம் விழுந்த இடியில் பரிசோதனைக் கூடத்துக் கம்ப்யூட்டரின் நெட்வொர்க் இணைப்பு மட்டும் கருகிவிட்டது. மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது. அந்தக் கம்ப்யூட்டரில் அடிக்கிற முடிவுகள் கேபிள் வழியாக அலுவலர் அறைக் கம்ப்யூட்டருக்குப் போகும், அங்கிருந்து சென்னைக்குப் போகும். இப்போது எங்கேயும் போகவில்லை. உளுந்து விதை மாதிரிகள் துணிப்பைகளில் வந்து குவிகிற சமயம். போன வருஷம் பென்டிரைவில் வைரஸ் வந்ததிலிருந்து அதற்கும் தடை. அதனால் எங்கள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஹாஜிரா எல்லா முடிவுகளையும் ஒருமுறை அடித்து, பேப்பரில் எடுத்து, அலுவலர் சாப்பிடப் போகிற நேரத்தில் அவர் அறையில் போய் உட்கார்ந்து மறுபடியும் அடிக்கிறாள். நல்ல பெண். ஆறு வருஷமாக ஒப்பந்தத்தில் இருக்கிறாள், ஒருநாள்கூட முகம் சுளித்துப் பார்த்ததில்லை.

கார்டை உடனே கேட்டாள். நம்பர் போடாமல் ஒரு பொருளும் என் அறையை விட்டு வெளியே போகாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாள். நாளைக்கு என்றேன்.

19 அக்டோபர், செவ்வாய்

இருப்புப் பதிவேட்டில் 417-ஆவது பதிவு. பொருளின் பெயர், வாங்கிய தேதி, பில் எண், எல்லாம் கட்டத்துக்குள் கச்சிதமாக. இந்தப் பதிவேட்டைப் பற்றி ஒரு வரி எழுதியே ஆக வேண்டும். நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து இதில் ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. போன ஆடிட்டில் வந்த பெரியவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதைக் கண்ணில் ஒத்திக்கலாம்மா" என்றார். அவர் தணிக்கை செய்த மற்ற அலுவலகங்களில் போய் அதைச் சொல்லியிருக்கிறார் என்றும் கேள்விப்பட்டேன்.

அடுத்தது பெயிண்ட். எல்லா அரசு அலுவலகத்திலும்தான் சாமான்களுக்கு நம்பர் எழுதுகிறார்கள். கோழி கிளறின மாதிரி எழுதுவார்கள். நம் நிலையத்தில் நாற்காலி, பீரோ, தராசு, விதை முளைக்கவைக்கிற முளைப்பான், மின்விசிறியின் மூன்று இறக்கைகள், அலுவலர் மேஜை மேல் இருக்கிற மணி வரைக்கும் என் எழுத்துத்தான். வெள்ளை எனாமல் பெயிண்ட், இருப்பதிலேயே மெல்லிய பூஜ்ய நம்பர் பிரஷ். 2003-இல் வாட்ச்மேன் ஒருவர் ஸ்டூலின் நம்பரைச் சுரண்டிவிட்டார். அவருக்கு மெமோ வாங்கிக் கொடுத்தேன். பிறகு யாரும் என் நம்பரில் கை வைத்ததில்லை.

இந்தக் கார்டு என்னை ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டது. உள்ளங்கை அகலம். பச்சைப் பலகை முழுக்கச் சின்னச் சின்ன மேடு. பிரஷை எங்கே வைத்தாலும் தடுக்குகிறது. வழவழப்பாக இருந்த ஒரே இடம் அடி ஓரம். அங்கே தங்க நிறத்தில் பல் பல்லாக ஒரு வரிசை. மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். ஒரு பக்கம் நிலையத்தின் பெயர்ச் சுருக்கம், மறு பக்கம் 417/2010. காய்ந்ததும் அழியாமல் இருக்க மேலே ஒரு பூச்சு வார்னிஷ். அரிசியில் பெயர் எழுதுகிறவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

20 அக்டோபர், புதன்

காலையில் ஹாஜிராவிடம் கார்டைக் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இந்த இடத்துலயா எழுதுனீங்க?" என்றாள்.

"வேற யாரால எழுத முடியும்?" என்றேன்.

அவளே திருப்புளி எடுத்துக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, கார்டின் தங்க வரிசையை அதற்குரிய பள்ளத்தில் செருகினாள். கொஞ்சம் இறுக்கமாகத்தான் போனது. புதுசு அப்படித்தான் இருக்கும். கேபிளை மாட்டி, கம்ப்யூட்டரைப் போட்டாள். கார்டின் பின்பக்கம் ஒரு பச்சை விளக்கு எரிய வேண்டுமாம். எரியவில்லை. திரையில் ஏதேதோ பட்டியலைத் திறந்து பார்த்தாள். அப்படி ஒரு கார்டு உள்ளே இருப்பதாகவே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லையாம்.

என் பதிவேட்டில் இருக்கிற பொருளை இல்லை என்று சொல்கிற கம்ப்யூட்டரை நான் இன்றுதான் பார்க்கிறேன். சாயங்காலம் மழை. குடையை அலுவலகத்திலேயே மறந்துவிட்டேன், நனைந்துதான் வந்தேன்.

21 அக்டோபர், வியாழன்

கார்டைக் கழற்றி வேறு பள்ளத்தில் போட்டுப் பார்த்தோம். ஒன்றுமில்லை. கேபிளில் கோளாறோ என்று என் ஸ்டோரிலிருந்து புதுக் கேபிள், நம்பர் 388, எடுத்துக் கொடுத்தேன். அதையும் மாட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அதே கேபிளை அலுவலர் அறைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் விளக்கு ஜம்மென்று எரிகிறது. ஆகக் கேபிள் நல்லது. என் ஸ்டோரிலிருந்து போன பொருள் நல்லதாகத்தான் இருக்கும்.

மத்தியானம் ஹாஜிரா என் அறைக்கு வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு பெயிண்டைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். அந்த இடத்தில் பெயிண்ட் இருப்பதால் ஒருவேளை என்று இழுத்தாள். எனக்குச் சுருக்கென்றது.

"நம்பர் பத்தின பேச்சு எங்கிட்ட வேணாம் ஹாஜிரா. நம்பர்ல கை வெச்சா அது வேற கேஸ்."

சரிக்கா என்று போய்விட்டாள். சொன்னால் புரிந்துகொள்கிற பெண்.

22 அக்டோபர், வெள்ளி

கார்டோடு வந்த சி.டி.யைப் போட்டு மூன்று தடவை ஏற்றினாள். சி.டி. சுற்றுகிறது, "பொருத்தியாயிற்று" என்கிறது. கார்டு மட்டும் கண் திறக்கவில்லை. கார்டு விற்ற கம்பெனிக்கு அலுவலர் கலியபெருமாள் சாரே போன் போட்டார். சார் தங்கமான மனிதர். ஆனால் ஒரு காகிதம் வந்தால் அதை இன்னொருவர் மேஜைக்கு அனுப்பும்வரை அவருக்கு மூச்சு சீராக வராது.

கம்பெனிக்காரர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். கம்ப்யூட்டருக்குக் கார்டே தெரியவில்லை என்றால், பொருத்தும்போது தப்பாகக் கையாண்டு கார்டு போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு உத்தரவாதம் கிடையாது. நேரில் வந்து பார்க்க தீபாவளி கழிந்துதான் ஆள் வரும்.

"யாரு பொருத்துனது?" என்று சார் கேட்டார். ஹாஜிரா கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

அவளுடைய ஒப்பந்தம் 31-ஆம் தேதியோடு முடிகிறது. நீட்டிக்கச் சொல்லி சார் எழுதுகிற பரிந்துரைக் கடிதம் 29-ஆம் தேதி வெள்ளிக்கிழமை தபாலில் போக வேண்டும். ஒரு மாதம் இடைவெளி விழுந்தாலும் ஆறு வருஷத் தொடர்ச்சி அறுந்துவிடும். பிறகு நிரந்தரம் ஆவது பற்றிப் பேசவே முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். இன்று எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

23 அக்டோபர், சனி

விடுமுறை. இட்லிக்கு அரைத்தேன். ஒட்டடை அடித்தேன். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகலாம் என்று இவரைக் கேட்டதற்கு, "அடுத்த வாரம் போலாம், எனக்கென்ன ஸ்டாக் நம்பரா போட்டிருக்கு, காணாமப் போயிடுவேனா" என்கிறார். வீட்டுச் சாமானுக்கும் நான் நம்பர் போட்டிருப்பதில் இவருக்கு நிரந்தரக் கிண்டல். கிரைண்டர் 4, தையல் மெஷின் 7. செய்யட்டும். பக்கத்து வீட்டில் பாத்திரம் மாறினால் அவர்களுக்குத் தெரியாது, என் வீட்டில் மாறினால் எனக்குத் தெரியும்.

24 அக்டோபர், ஞாயிறு

டேபிள் ஃபேன் சுற்றவில்லை. வீட்டு நம்பர் 11. இவர் மின்வாரியத்தில் லைன்மேன் என்பதால் ரிப்பேர் கடைக்கு நான் போனதே கிடையாது. கூடத்தில் பேப்பரை விரித்து ஃபேனைக் கழற்றிப் போட்டார். உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் கம்பி ஓரிடத்தில் அறுந்திருந்தது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுந்த இரண்டு நுனியையும் பிளேடால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

செம்புக் கம்பிதானே, அப்படியே முறுக்கிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"மேல பூச்சு இருக்கு மங்கை. சுரண்டாம முறுக்குனா ரெண்டும் தொட்டுக்கிட்டேதான் இருக்கும். கரண்டு மட்டும் போவாது."

"பெயிண்ட் மாதிரியா?"

"பெயிண்டும் அப்படித்தான். எனாமல்தானே."

முறுக்கினார். போட்டார். ஃபேன் சுற்றியது.

மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். இரண்டு நாளாக வெயிலே இல்லையே என்றார்.

25 அக்டோபர், திங்கள்

ஹாஜிராவுக்கு மெமோ. "புதிய நெட்வொர்க் கார்டைக் கவனக்குறைவாகப் பொருத்திச் சேதப்படுத்தியமைக்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தருக." அதோடு சேர்த்து வைக்க என்னிடமும் ஒரு சான்று கேட்டார் சார். ஸ்டோரிலிருந்து கார்டு நல்ல நிலையில் வழங்கப்பட்டதா என்று.

எழுதிக் கொடுத்தேன். நல்ல நிலையில் வழங்கப்பட்டது. கோ. மங்கையர்க்கரசி, பண்டகக் காப்பாளர். அது பொய்யில்லை. உடைந்த பொருளையோ கீறல் விழுந்த பொருளையோ நான் யாருக்கும் கொடுத்ததில்லை. என்னுடைய கையெழுத்து எப்போதும்போல் அழகாகத்தான் விழுந்தது.

26 அக்டோபர், செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. டீத்தூள் தீர்ந்துவிட்டது.

27 அக்டோபர், புதன்

ஹாஜிராவின் விளக்கம் இன்று வந்தது. சான்று கொடுத்தவள் என்பதால் ஒரு நகல் என் கோப்புக்கும் வந்தது. நான்கே வரி. "கார்டைப் பொருத்தியது நான்தான். முறைப்படிதான் பொருத்தினேன். வேலை செய்யாததற்கான காரணத்தை என்னால் கூற இயலவில்லை. என் ஒப்பந்தத்தை நீட்டிக்கப் பரிந்துரைக்குமாறு வேண்டுகிறேன்."

இரண்டு தடவை படித்தேன். தெரியவில்லை என்று அவள் எழுதவில்லை. கூற இயலவில்லை என்றுதான் எழுதியிருக்கிறாள்.

மத்தியானம் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். வெள்ளைத் தட்டில் உளுந்து விதைகளை நூறு நூறாக எண்ணி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஹாஜிரா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிபன்பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். உட்காரச் சொல்லிவிட்டு நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். நம்பர் 92.

"பெயிண்ட் பத்தி ஏன் எழுதல?"

அவள் டிபன்பாக்ஸை மூடினாள். "ஒங்ககிட்ட சொன்னேன்க்கா. ரெண்டு தடவ."

"பதில்ல எழுதியிருக்கலாமே."

"எழுதுனா, நான் தப்பிக்கிறதுக்காக ஒங்க மேல சொல்ற மாதிரி ஆயிடும். ஒங்க ரிஜிஸ்டர்ல ஒரு அடித்தல் இல்லன்னு நீங்க எத்தன தடவ சொல்லியிருக்கீங்க. அது என்னால கெட்டதா இருக்க வேணாம்னு விட்டுட்டேன்."

எனக்கு வந்தது கோபம். முதலில் அவள் மேல்தான் வந்தது. இவ்வளவு தெரிந்தவள் மூன்றாவது தடவை சொல்லியிருக்க வேண்டாமா? எழுந்து என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பீரோ, மேஜை, தராசு, எங்கே பார்த்தாலும் என் எழுத்து. சான்றில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும். அதற்கு முந்தின நாள், ஃபேன் சுற்ற ஆரம்பித்தபோதே தெரியும். இந்த டைரியில்கூட நான் அதை எழுதவில்லை. யார் படிக்கப் போகிறார்கள் என்று எழுதவில்லை? வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

28 அக்டோபர், வியாழன்

ஒன்பது மணிக்கே போய்விட்டேன். ஹாஜிரா வந்ததும் கார்டைக் கழற்றித் தரச் சொன்னேன். கார்டை இரண்டு கையாலும் நீட்டினாள்.

பிரஷ் கழுவுகிற தின்னரைப் பஞ்சில் தொட்டு, முதலில் வார்னிஷைத் துடைத்தேன். பிறகு எழுத்து. இருபத்துமூன்று வருஷத்தில் நான் எழுதினதிலேயே நல்ல எழுத்து அது. அதை இப்போதும் சொல்வேன். 7 போனது. 1 போனது. 4 மட்டும் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. ஹாஜிரா தன் பென்சில் டப்பாவிலிருந்து ஒரு ரப்பரை எடுத்துக் கொடுத்து, "மெதுவா இழுங்கக்கா, அழுத்தாதீங்க" என்றாள். அவள் சொன்னபடி இழுத்தேன். மறு பக்கத்தையும் துடைத்து முடித்தபோது தங்க வரிசை பளிச்சென்று இருந்தது. எழுத்து இல்லாமலும் அது அழகாகத்தான் இருந்தது.

தின்னர் வாடை போகும்வரை ஜன்னலோரம் காய வைத்தோம். பிறகு அவள் செருகினாள். இந்தத் தடவை இறுக்கம் இல்லை, சட்டென்று உட்கார்ந்தது. கம்ப்யூட்டரைப் போட்டாள். நான் முன்பக்கத் திரையைப் பார்க்கவில்லை, பின்பக்கமாகப் போய்க் குனிந்து நின்றேன். முதுகு வலித்தது. பச்சை விளக்கு எரிந்தது. ஒரு தடவை அணைந்து, பிறகு படபடவென்று மின்ன ஆரம்பித்தது.

"வந்துடுச்சுக்கா" என்றாள் ஹாஜிரா, அந்தப் பக்கத்திலிருந்து. "இங்க தெரியுது" என்றேன்.

ஹாஜிரா மறுபடி அடிக்க நேரமில்லாமல் தேங்கிக் கிடந்த நாற்பத்திரண்டு முடிவுகளும் கால் மணி நேரத்தில் அலுவலர் அறைக்குப் போய்ச் சேர்ந்தன. கலியபெருமாள் சார் வாசலுக்கு ஓடி வந்தார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷத்தைவிட நிம்மதி. நான் அவரோடு அறைக்குப் போய், நடந்ததை நின்றபடியே சொன்னேன். பெயிண்ட், வார்னிஷ், ஹாஜிரா இரண்டு தடவை சொன்னது, நான் வாயை அடைத்தது, திங்கட்கிழமை கொடுத்த சான்று, எல்லாவற்றையும்.

சார் பேனா மூடியைத் திருகித் திருகி மூடினார். பிறகு, கார்டுதான் ஓடுகிறதே, மெமோவை ஓர் எச்சரிக்கையோடு முடித்துவிடலாம், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம் என்றார். எச்சரிக்கை யாருக்கு என்று கேட்டேன். ஆபரேட்டருக்குத்தான், சும்மா பேருக்கு என்றார்.

"அவ ஃபைல்ல அது சும்மா இருக்காது சார். மெமோவ ரத்து பண்ணணும். காரணம் என் பேர்ல எழுதணும்."

"இருபத்துமூணு வருஷம் மேடம். ஒங்க ரிஜிஸ்டரப் பத்தி நாலு ஆபீஸ்ல பேசுறாங்க. யோசிச்சுக்குங்க."

"நாலு நாளா யோசிச்சிட்டேன் சார்."

29 அக்டோபர், வெள்ளி

இன்று செய்தவை.

திங்கட்கிழமை கொடுத்த சான்றைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம். சார் அதை வாங்கி வைத்துக்கொண்டு மெமோவை ரத்து செய்தார். என்னிடம் எழுத்துப்பூர்வமாக ஒரு விளக்கமும் கேட்டிருக்கிறார். கேட்பதுதான் முறை. நாளையும் மறுநாளும் விடுமுறை, திங்கட்கிழமை கொடுத்துவிடுவேன்.

அடுத்து, பதிவேடு. 417-ஆவது பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். "எண் எழுதப்பட்ட இடம்" என்று ஒரு பத்தி உண்டு. அதில் "அடி ஓரம், இரு பக்கமும்" என்று எழுதியிருந்தேன். வெள்ளைத் திரவம் பூசி மறைக்கலாமா, தாள் ஒட்டலாமா என்றெல்லாம் மனசு அலைந்தது. இரண்டும் பித்தலாட்டம். ஸ்கேலை வைத்துச் சிவப்பு மையில் ஒரே கோடாக அடித்தேன். கீழே இருக்கிற எழுத்து படிக்கத் தெரிய வேண்டும், அதுதான் விதி. குறிப்புப் பத்தியில் இப்படி எழுதினேன்:

"மின்னிணைப்புப் பகுதியின் மேல் எண் எழுதப்பட்டதால் கார்டு எட்டு நாட்கள் இயங்கவில்லை. தவறு பண்டகக் காப்பாளருடையது. கணினி இயக்குநர் திருமதி ஹாஜிரா இதை இருமுறை சுட்டிக்காட்டியும் ஏற்கப்படவில்லை. எண் அழிக்கப்பட்ட பின் கார்டு இயங்குகிறது."

கீழே முழுக் கையெழுத்து, தேதி. சார் மேலொப்பம் போட்டார். அந்தப் பத்தி சின்னது, இவ்வளவையும் எழுத மூன்று கட்டத்துக்குள் பொடி எழுத்தில் எழுத வேண்டியிருந்தது. வரி எங்கும் கோணவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹாஜிராவுக்கான பரிந்துரைக் கடிதத்தை அவளே தட்டச்சு செய்வது முறையில்லை என்று நான் உட்கார்ந்து அடித்தேன். இரண்டு விரலில் அடித்ததால் ஒரு மணி நேரம் ஆனது. மூன்று மணித் தபாலுக்கு நானே எடுத்துப் போய், பதிவுத் தபால் ரசீதை வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தேன். மெயிலிலும் அதை அனுப்பச் சொல்லி சாரிடம் கேட்டேன். அனுப்பினார். ஹாஜிரா ரசீதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் விரலெல்லாம் சிவப்பு மை. அவள் கையிலும் ஒட்டிக்கொண்டது.

31 அக்டோபர், ஞாயிறு

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப ஃபேன் ரிப்பேருக்கு ஒங்க ஆபீஸ் எனக்கு நன்றி சொல்லணும்" என்றார். பிறகு ரொம்ப நேரம் கழித்து, துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "ஒன்ன நெனச்சா பெருமையா இருக்கு மங்கை" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் கிண்டலுக்கு இழுத்துவிடுவார். துணிக்கடைக்குப் போய்வந்தோம். எனக்கு மாம்பழக் கலரில் சேலை.

1 நவம்பர், திங்கள்

பதினொரு மணிக்கு உத்தரவு மெயிலில் வந்தது. ஹாஜிராவுக்கு ஒரு வருஷம் நீட்டிப்பு, இடைவெளி இல்லாமல். சார் அதைத் தன் அறையில் படித்துச் சொல்லாமல், கேபிள் வழியாகவே பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிவைத்தார். அவருக்கும் இப்படியெல்லாம் செய்யத் தெரிந்திருக்கிறது. ஹாஜிரா தன் பெயரைத் தன் திரையிலேயே படித்தாள். உளுந்து எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும், எண்ணட்டும்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. நம்பர் இல்லாமல் ஒரு பொருள் நிலையத்தில் இருக்க முடியாது. பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டரின் பின்பக்கம் போனேன். கேபிள் மாட்டுகிற இடத்தை ஒட்டி, கார்டின் இரும்புப் பட்டை ஒரு விரல் நீளத்துக்கு வெளியே தெரிகிறது. பிரஷைத் தொட்டேன். பிறகு கையை நிறுத்தினேன்.

"ஹாஜிரா, இங்க எழுதலாமா?"

அவள் கீழே உட்கார்ந்து பார்த்தாள். கேபிளைக் கழற்றி, துளைக்குள் பெயிண்ட் போகாமல் ஒரு துண்டுத் தாளைச் செருகிவைத்தாள். "எழுதுங்கக்கா" என்றாள்.

417/2010. நெட்டுக்குத்தாக எழுத வேண்டியிருந்தது. அந்தத் தங்க வரிசையில் எழுதின அளவுக்கு வரவில்லை. ஆனால் விளக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அது மின்னும்போதெல்லாம் நம்பர் தெரிகிறது. பதிவேட்டில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே புது இடத்தை எழுதினேன்.

வருகிற மார்ச்சில் ஆடிட். அந்தப் பெரியவரே வந்தாலும் வருவார். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்து 417-இல் விரல் நிற்கும், என்னைப் பார்ப்பார். அவர் அதுவரை புரட்டிக்கொண்டு வரட்டும் என்று நான் காத்திருக்கப் போவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து அவர் முன்னால் வைப்பேன்.